குடும்பப் பின்னணி இல்லாத முஸ்லிம் பெண் மும்பையில் அரசியலுக்கு வர முடியுமா?

கேள்வி கேட்டவர் தன்னைப் பற்றிச் சொன்னது இவ்வளவு: வயது 24, சீத்தா கேம்பில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம், சட்டப் படிப்பு முடிந்துவிட்டது, வாப்பாவுக்குத் தையல் கடை, சொந்தத்தில் யாரும் அரசியலில் இல்லை, ஹிஜாப் அணிபவர். "இக்ரா ஹசன் மாதிரி வர முடியுமா? எங்கே ஆரம்பிப்பது? அதுவரை வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஹிஜாப் தடையாகுமா, ஜமாஅத் பெரியவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்றும் கேட்டிருக்கிறார். கல்யாணத்தில் நான் தலையிட மாட்டேன். மற்றதைப் படித்தால், முடியுமா என்கிற சந்தேகம் அவருக்குப் பெரிதாக இல்லை. எந்த வாசல் திறந்திருக்கிறது என்றுதான் கேட்கிறார். அதற்குப் பதிலை அவரிடமே சொல்லிப் பார்க்கிறேன்.

நான் செம்பூரில் வக்கீல். உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால் வேட்புமனு, பிரமாணப் பத்திரம், பரிசீலனை, அதன் பிறகு வரும் தேர்தல் வழக்கு என்று என் பிழைப்பில் பாதி அதில்தான் போகும். எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் செய்திருக்கிறேன். நான் முஸ்லிம் இல்லை, தேர்தலில் நின்றதும் இல்லை. ஆகவே காகித விஷயத்தில் நான் சொல்வதை நம்பலாம். மனிதர்கள் விஷயத்தில் சொல்வதை ஒரு பார்வையாளனின் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இக்ரா ஹசன். 1994 இல் பிறந்தவர், டெல்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியிலும் பிறகு லண்டனிலும் படித்தவர், 2024 இல் உத்தரப் பிரதேசத்தின் கைரானாவில் சமாஜ்வாதி கட்சிக்காக நின்று 69,116 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர். நாடாளுமன்றத்தில் அவர் பேசுகிற நிதானத்தைப் பார்த்துத்தான் உங்களைப் போல நிறையப் பெண்களுக்கு ஆசை வந்திருக்கிறது. ஆனால் அவருடைய தாத்தா எம்.பி., அப்பா முனவ்வர் ஹசன் எம்.பி., அம்மா தபஸ்ஸும் ஹசன் இரண்டு முறை எம்.பி., அண்ணன் நாகித் ஹசன் எம்.எல்.ஏ. அந்த வீட்டில் சீட்டு என்பது வாசலிலேயே கிடக்கிற பொருள். இவ்வளவு இருந்தும் 2016 இல் மாவட்டப் பஞ்சாயத்துக்கு நின்று தோற்றவர். 2022 இல் அண்ணன் ஜெயிலில் இருந்தபோது அவருக்காக ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வைத்தவர். குடும்பத்தால் அவருக்குக் கிடைத்தது சீட்டு. தொகுதியைப் பழகிக்கொண்டது அவருடைய உழைப்பு. முதலாவதை உங்களால் நகல் எடுக்க முடியாது, இரண்டாவதை முடியும்.

அவர் ஒருவர் மட்டும் இப்படி வரவில்லை. 2024 இல் மக்களவைக்குத் தேர்வான முஸ்லிம் பெண்கள் இருவரே. இன்னொருவர் மேற்கு வங்கம் உலுபேரியாவின் சஜ்தா அகமது. கணவர் இறந்த பிறகு 2018 இடைத்தேர்தலில் வந்தவர். கர்நாடகத்தில் கலபுரகியின் கனீஸ் பாத்திமாவும் கணவருடைய தொகுதிக்கு வந்தவர். உங்கள் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்களேன். சீத்தா கேம்ப் இருப்பது அணுசக்தி நகரில். 2024 இல் அங்கே ஜெயித்த சனா மாலிக், அங்கே எம்.எல்.ஏ.வாக இருந்த முன்னாள் அமைச்சர் நவாப் மாலிக்கின் மகள். அப்பா பக்கத்துத் தொகுதிக்குப் போனார், அப்பாவின் தொகுதி மகளுக்கு வந்தது. அப்படி இருந்தும் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டில்தான் தப்பினார். இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று நேராக மேலே ஏறப் பார்த்தால் குடும்பம் இல்லாதவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தித்தான் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். 2023 இல் நிறைவேறிய, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுச் சட்டத்தை நம்பியும் உட்கார வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை இரண்டும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம் பெண்களுக்கென்று தனி உள்ஒதுக்கீடும் கிடையாது.

திறந்திருக்கிற கதவு கார்ப்பரேஷன். தமிழ் வாசகர்களுக்கு இதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, கவிஞர் சல்மா. 2001 இல் துவரங்குறிச்சிப் பக்கம் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நிற்க நினைத்த கணவரால் நிற்க முடியவில்லை, மனைவியை நிறுத்தினார்கள். ஒப்புக்கு நிறுத்தப்பட்டவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உண்மையாகவே வேலை பார்த்தார். 2006 இல் மருங்காபுரியில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். 2025 இல் திமுக சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். பேரூராட்சியிலிருந்து டெல்லிக்கு இருபத்து நான்கு வருடம். அவசரப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

மும்பையில் நிலவரம் என்ன? 227 வார்டு, அதில் 114 பெண்களுக்கு. நிற்பதற்குக் குறைந்தபட்ச வயது 21. எந்த வார்டு பெண்களுக்கு என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள், நம் ஆட்கள் லாட்டரி என்பார்கள். போன தடவை குலுக்கல் 2025 நவம்பரில் நடந்தது, ஓட்டுப்பதிவு 2026 ஜனவரி 15. நடுவில் இரண்டே மாதம். இந்த இடைவெளியில்தான் உங்கள் வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. ஐந்து வருடமாக வார்டில் அலைந்து, பேனர் கட்டி, கணபதிக்கும் ஈதுக்கும் செலவு செய்த ஆண் ஒருவர் இருப்பார். லாட்டரியில் வார்டு 'மஹிளா' (பெண்) என்று வந்ததும் அவர் கதை முடிந்தது. அன்று ராத்திரியே வீட்டுக்குப் போய் மனைவியின் ஆதார் கார்டைத் தேடுவார். இது கிண்டல் இல்லை. அந்த வாரம் என் அலுவலகத்துக்கு வருகிற பெண் வேட்பாளர்களில் பலர் தன் பெயரில் பேங்க் கணக்கு இருக்கிறதா என்று கணவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பேசுவதெல்லாம் கணவர்தான். அந்த இரண்டு மாதத்தில், வார்டு முழுக்கத் தெரிந்த, காகிதம் எல்லாம் சரியாக இருக்கிற, மனைவியாகவோ மகளாகவோ வராத ஒரு பெண்ணின் பெயர் கட்சியின் கையில் இருந்தால் அதைத் தட்டிவிடுவது கஷ்டம். மேலிடத்திலிருந்து வருகிறவர்கள்கூட அந்தப் பெயர் என்ன என்று கேட்பார்கள். நீங்கள் ஆக வேண்டியது அந்தப் பெயர். அடுத்த தேர்தல் முறைப்படி நடந்தால் 2031 வாக்கில் வரும், அப்போது உங்களுக்கு 29. 'முறைப்படி நடந்தால்' என்பதைக் கவனியுங்கள். 2022 மார்ச்சில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2026 இல்தான் தேர்தல் வந்தது. நடுவில் வார்டு எண்ணிக்கையை 236 ஆக்கி, மறுபடி 227 க்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் வார்டு இப்போது இருக்கிற எல்லையோடேயே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நல்ல வேளையாக, நகரத்தில் எந்த வார்டில் ஓட்டு இருந்தாலும் வேறு வார்டில் நிற்கலாம். ஆகவே ஒரு வார்டைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், ஒட்டியிருக்கிற இரண்டு மூன்றிலும் முகம் தெரியும்படி இருங்கள்.

இனி வருவது நான் நிச்சயமாகப் பேசக்கூடிய பகுதி. பெண்கள் வார்டு என்றால் எல்லாம் ஒன்றல்ல. 'சர்வசாதாரண மஹிளா', அதாவது பொதுப் பிரிவுப் பெண் என்று வந்தால் யாரும் நிற்கலாம். 'ஓபிசி மஹிளா', அதாவது பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண் என்று வந்தால் ஜாதிச் சான்றிதழ் வேண்டும். 227 இல் 61 வார்டு ஓபிசிக்கு, அதில் பாதி பெண்களுக்கு. லப்பை, ராவுத்தர் என்று தமிழ்நாட்டில் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கேதான் சறுக்கும். அந்தச் சான்றிதழ் மகாராஷ்டிராவில் செல்லாது. இங்கே ஓபிசி என்று நிரூபிக்க, உங்கள் சமூகம் மகாராஷ்டிரப் பட்டியலில் இருக்க வேண்டும், உங்கள் குடும்பம் 1967 அக்டோபர் 13 க்கு முன்பே இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்குக் காகிதமும் வேண்டும்.

தாராவியிலிருந்து ஒரு அம்மா வந்தார், பெயர் வேண்டாம். நல்ல பேச்சு, வார்டில் நல்ல பெயர். அறுபதுகளில் மாமனார் தோல் பதனிடும் வேலைக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பம். கணவரின் அத்தை படித்த பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று மடித்து மடித்துக் கிழிந்த ஒரு காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்தார். வருடம் சரியாக இருந்தது. ஜாதி என்ற கட்டத்தில் 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அவ்வளவுதான். அது மதம், ஜாதி இல்லை என்று, ஜாதிச் சான்றிதழைச் சரிபார்க்கும் செல்லுபடிக் குழு திருப்பிவிடும். தவிர, ஜாதி பார்ப்பது தந்தை வழியில், கணவர் வழியில் இல்லை. அந்த அம்மாவின் சொந்த வாப்பா மும்பைக்கு வந்ததோ எழுபதுகளில். நான் அவரை ஓபிசி வார்டில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நின்று ஜெயித்தாலும், சான்றிதழ் செல்லாது என்றால் பதவி போய்விடும். மும்பையில் அப்படிப் பதவி இழந்தவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள், இரண்டாவதாக வந்தவர் வழக்கோடு காத்திருப்பார்.

உங்கள் விஷயத்தில் ஒரு நூல் இருக்கிறது. சீத்தா கேம்பின் பழைய குடும்பங்கள் ஜனதா காலனியிலிருந்து வந்தவை. 1976 மே மாதம், அவசரநிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக அந்தக் காலனியை மொத்தமாக இடித்துச் சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் தாத்தா ஜனதா காலனிக்காரர் என்றால் 1967 க்கு முந்தைய ரேஷன் கார்டோ, கம்பெனி வேலைச் சான்றிதழோ, முனிசிபல் பள்ளிக்கூடப் பதிவோ எங்காவது இருக்கலாம். பள்ளிக்கூடப் பதிவேட்டின் நகலை இப்போதே கேட்டு எழுதிப் போடுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

மற்ற காகிதங்களையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இங்கே எல்லாப் படிவமும் 'ஆட்நாவ்' கேட்கும். அதனால் ஒரே பெண் ரேஷன் கார்டில் வாப்பா பெயரோடும், பள்ளிச் சான்றிதழில் 'ஷேக்' ஒட்டியும், வாக்காளர் பட்டியலில் மராட்டி எழுத்தில் வேறு மாதிரியாகவும் இருப்பார். பரிசீலனை மேஜையில் எதிர்க்கட்சி வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான். ஒரே பெயராக்கி அரசிதழில் போட்டுவிடுங்கள், சட்டம் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2001 செப்டம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைச் சேர்த்து இரண்டுக்கு மேல் இருந்தால் தகுதியில்லை என்கிற விதி உங்களுக்கு இன்றைக்குப் பொருந்தாது, ஆனால் தெரிந்திருக்கட்டும்.

காகிதத்துக்கு அப்புறம் வேலை. வார்டு அரசியல் என்பது தண்ணீர், சாக்கடை, பொதுக் கழிப்பறை, குப்பை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஜனதா காலனியில் குடியிருந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். காலனியின் குப்பையை அள்ள யாரும் வராதபோது, பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பொட்டலம் குப்பை கொடுத்து முனிசிபல் அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்டவைத்தவர். பின்னால் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை ஆரம்பித்தார். அவரும் ஸ்பார்க் என்கிற அமைப்பும் 'மஹிளா மிலன்' என்ற பெண்கள் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அந்தக் குழுவின் தொடக்கம் பைகுல்லா நடைபாதையில் குடியிருந்த பெண்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். எண்பதுகளில் அவர்கள் செய்த முதல் காரியம் நடைபாதைக் குடிசைகளைத் தாங்களே எண்ணிக் கணக்கெடுத்தது. எந்தச் சந்தில் எத்தனை வீடு, எத்தனை குழாய் என்று கையில் கணக்கு இருந்தால் அதிகாரி உங்களை உட்காரச் சொல்லித்தான் பேசுவார். இதை நீங்கள் நாளைக்கே தொடங்கலாம். சட்டம் படித்தவர் என்பதால் வாரத்தில் ஒருநாள் மாலை ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேர்க்கும் படிவம் 6, திருத்தும் படிவம் 8 எழுதிக் கொடுங்கள். வாக்காளர் பட்டியல் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீடு மாறியவர், இறந்தவர், கல்யாணமாகிப் போனவர் யார் என்று தெரிந்த ஆளுக்குத்தான் ஒவ்வொரு கட்சியும் டீ வாங்கிக் கொடுக்கும்.

இதெல்லாம் மராட்டியில் நடக்க வேண்டும். இந்தி தெரியும் என்று நிறுத்திவிடாதீர்கள். கார்ப்பரேஷன் மனு, பதில், கூட்டப் பேச்சு எல்லாம் மராட்டி. அறுபதுகளில் சிவசேனா தென்னிந்தியர்களைத் துரத்திய கதையைப் பெரியவர்கள் சொல்லி வளர்ந்த தலைமுறை நாம். இன்றைக்கு அதே கட்சியின் ஷாகாவில் (கிளை அலுவலகத்தில்) தமிழ்ப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல மராட்டியில் பேசுகிற ஹிஜாப் அணிந்த பெண்ணை மேஜைக்குப் பின்னால் இருக்கிற எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார், அந்த ஒரு கணத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

எந்தக் கட்சி என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கைச் சொல்கிறேன். மும்பையில் எந்த வார்டிலும் தமிழ் முஸ்லிம் ஓட்டு மட்டும் போதாது, தமிழ் ஓட்டு மட்டுமும் போதாது. சயான் கோலிவாடாவில் 2014 இலிருந்து மூன்று முறை ஜெயித்த பாஜகவின் கேப்டன் தமிழ்ச்செல்வனும் தமிழர் ஓட்டோடு கட்சி ஓட்டும் சேர்ந்தே ஜெயித்தார். உங்களுக்கு உருது பேசும் முஸ்லிம்கள், மராட்டி தலித்துகள், தமிழ் இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என எல்லாப் பக்கத்திலும் கொஞ்சம் வேண்டும். முஸ்லிம் கட்சியில் சேர்ந்தால் ஏற்பு சுலபம் என்று சிலர் சொல்வார்கள். அதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கேரளத்தில் 2021 இல் நடந்ததைப் பாருங்கள். முஸ்லிம் லீக் மாணவர் அமைப்பின் பெண்கள் பிரிவான 'ஹரிதா'வின் பொறுப்பாளர்கள், அமைப்பின் ஆண் தலைவர்கள் தங்களை இழிவாகப் பேசினார்கள் என்று மகளிர் ஆணையத்துக்குப் போனார்கள். லீக் அவர்களுடைய மாநிலக் குழுவையே கலைத்தது. அவர்கள் பக்கம் நின்ற வக்கீல் பாத்திமா தஹ்லியாவின் தேசியப் பொறுப்பும் போனது. அவர் கட்சியை விட்டுப் போகவில்லை. பிறகு அதே கட்சி பொறுப்பு கொடுத்தது, 2025 டிசம்பரில் கோழிக்கோடு மாநகராட்சியில் ஜெயித்தார். பொறுத்திருந்தது சரியா, வெளியே வந்திருக்க வேண்டுமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். நான் எடுத்துக்கொள்வது, எந்தக் கட்சியிலும் பெண்கள் பிரிவோடு நின்றுவிடக் கூடாது என்பது. கூட்டத்துக்குப் பெண்களைக் கூட்டிவரும் வேலையிலேயே வருடங்கள் போய்விடும். பூத் பொறுப்பு கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அந்தக் கட்சி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ஹிஜாப் பற்றி நீங்கள் கேட்டது தயக்கத்தோடு கேட்டது போல் இருந்தது. சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஓட்டு போகுமா, கூடுமா என்பதில் நான் பார்த்தது இரண்டு விதமாகவும் இருக்கிறது. ஆகவே ஓட்டுக்காகப் போடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். நிச்சயமாக வருவது இணையத்து வசை. 2021 இல் ஒரு செயலி, 2022 ஜனவரியில் இன்னொன்று, பெயர் தெரிந்த முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலம் விடுவது போலப் போட்டன. இரண்டாவதில் மும்பை சைபர் போலீஸ்தான் முதலில் கைது செய்தது. புகார் கொடுத்தால் எதுவும் நடக்காது என்று சொல்பவர்களிடம் அதைச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, நேரம் மூன்றையும் எடுத்து வைத்த பிறகே பிளாக் செய்யுங்கள். வீட்டு முகவரி தெரிகிற படங்களைப் பொதுக் கணக்கிலிருந்து இப்போதே எடுத்துவிடலாம்.

ஜெயித்த பிறகு வரும் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அது கல்யாணப் பேச்சோடு ஒட்டியது. நகர்சேவிகாவின் (பெண் கவுன்சிலரின்) லெட்டர்ஹெட்டில் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிற கணவரையும் மைத்துனரையும் நான் பார்த்திருக்கிறேன். எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது, ரப்பர் ஸ்டாம்பு உங்கள் பையில் இருக்க வேண்டும். ஊழல் வழக்கு வந்தால் மைத்துனர் பெயரில் வராது.

ஜமாஅத் பெரியவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். தேர்தல் நேரத்தில் பள்ளிவாசல் கமிட்டிக்காரர்களோடு பேசியிருக்கிறேன், ஆனால் அது வெளி ஆளிடம் பேசுகிற பேச்சு. உள்ளே ஒரு பெண்ணைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் பகுதியில் முன்பு நகர்சேவிகாவாக இருந்த முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள், கட்சி பார்க்காமல் அவர்களில் இரண்டு பேரையாவது நேரில் போய்ப் பாருங்கள். தோற்றவர் ஒருவரையும் சேர்த்துப் பாருங்கள், அவர்தான் செலவுக் கணக்கை மறைக்காமல் சொல்வார். வாப்பாவிடம் அனுமதி கேட்பதற்கு முன்னால் தாத்தாவின் பழைய ரேஷன் கார்டு எங்கே என்று கேளுங்கள். கிடைத்தால் நகலை அனுப்புங்கள், வருடத்தையும் அந்த ஜாதிக் கட்டத்தையும் பார்த்துச் சொல்கிறேன்.